ஒளிச்சுத் தின்ற வரலாறு

தமிழர் உணவைப் பற்றி எழுதுகிற அறிஞர்கள் விருந்தோம்பலில் தொடங்கி விருந்தோம்பலிலேயே முடித்துவிடுகிறார்கள். வாழை இலை, அறுசுவை, வந்தவரை உட்காரவைக்கும் திண்ணை. கதவைச் சாத்திக்கொண்டு தின்றவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு சமூகம் எதைப் பலர் பார்க்கத் தின்கிறது, எதை ஒளிச்சுத் தின்கிறது என்று சேர்த்துப் பார்த்தால்தான் அதன் சாதி தெரியும்.

என் ஊர் திண்டிவனம் பக்கம். சங்க இலக்கியத்தில் எங்கள் வட்டாரத்துக்கு ஓய்மாநாடு என்று பெயர். அதை ஆண்ட நல்லியக்கோடனின் கிடங்கில் இப்போது திண்டிவனம் நகரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. எம்.ஏ. தமிழில் எங்களுக்கு அது பாடம். அதில் ஓர் அடுப்பங்கரை வருகிறது. கண் திறக்காத குட்டி பால் குடிக்க வர, பாலில்லாத தாய்நாய் குரைக்கிறது. சுவரைக் கரையான் அரித்திருக்கிறது. பசியில் இடுப்பு ஒடுங்கிப்போன கிணைமகள் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புகூட இல்லாமல் வேகவைக்கிறாள். பார்த்தால் ஏளனம் பேசுவார்களே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறாள். கிணை என்பது ஒரு வகைப் பறை. எங்கள் வாத்தியார் இதை வறுமையின் அவலம் என்று நயம் சொல்லி, பரீட்சைக்கு வரும் என்று கோடு போடச் சொன்னார். பறைக்காரியின் கதவு ஏன் சாத்தியிருந்தது என்று வகுப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அதே பாட்டில், பரிசில் தேடிப் போகிறவனுக்கு வழியெல்லாம் சாப்பாடு காத்திருக்கிறது. எயிற்பட்டினத்துப் பரதவர் வீட்டில் கள்ளும், காயவைத்துச் சுட்ட குழல்மீனும். வேலூரில் எயினர் பெண்கள் ஆக்கிய சுடச்சுடப் புளிச்சோறும், சுட்ட ஆமான் கறியும். (இது ஓய்மாநாட்டு ஊர், இன்றைய வேலூர் நகரம் இல்லை.) ஆமூரில் உழவர் வீட்டில் உலக்கையால் குத்திய அரிசிச் சோறும் நண்டும். ஆமான் என்றால் காட்டு மாடு. புளிச்சோற்றுக்கு மாட்டுக்கறி! எந்தப் பட்டிமன்ற மேடையிலாவது இந்தச் சேர்மானத்தைச் சொல்லிப் பாருங்கள். இதைக் கொடுத்தவர்கள் கதவைச் சாத்தவில்லை. இல்லாதவள்தான் சாத்தினாள். பசிக்குத்தான் அங்கே வெட்கம் இருந்தது. கறிக்கு வெட்கம் பிறகு வந்தது.

இன்னும் பாருங்கள். அகநானூறு 394ஆம் பாட்டில் ஆட்டுப்பால் தயிரையும் வரகரிசியையும் ஈசலையும் சேர்த்து ஆக்கிய புளிப்புச் சோறு வருகிறது. அதன்மேல் பசுவெண்ணெய் உருகுகிறது. புறநானூறு 119இல் பாரியின் நாட்டு வளத்தைச் சொல்லும் கபிலர் ஈசலையும் மோரையும் சேர்த்துச் சொல்கிறார். கபிலர் அந்தணர். அவரே புறம் 14இல், கறிச்சோறு தின்பதைத் தவிர வேறு வேலை அறியாததால் தன் கை மெத்தென்று இருக்கிறது என்று சேர அரசனிடம் சொல்கிறார். மழவர் கொழுத்த பசுவைத் தின்றதை அகம் 129ஆம், தெய்வம் இருக்கிற வேப்பமரத்தடியில் பசுவை வெட்டிப் படைத்துத் தின்றதை அகம் 309ஆம் பதிவு செய்திருக்கின்றன. இத்தனையும் செம்மொழிக்குள் இருக்கிறது. உரையாசிரியருக்கு ஆசாரம் கெடவில்லை; பதிப்பித்தவருக்கும் கெடவில்லை. எங்கள் சட்டியில் கொதித்தால் மட்டும் கெடுகிறது.

ஈசல் எங்கள் தெருவில் இன்னும் உண்டு. மழை விட்ட ராத்திரியில் புற்றுக்குப் பக்கத்தில் விளக்கை வைத்துப் பிடிப்பார்கள். காயவைத்து, முறத்தில் புடைத்தால் இறக்கை பறந்துவிடும். அரிசியோடும் வேர்க்கடலையோடும் சேர்த்து வறுத்தால் எண்ணெயே வேண்டாம், அதன் கொழுப்பே போதும். ஊர்த்தெருப் பிள்ளைகளும் டவுசர் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். வீட்டில் கேட்டால் பொரிகடலை என்பார்கள்.

பிள்ளைகள் மட்டுமா? சாயங்காலம் இருட்டினதும் ஊர்த்தெரு ஆண்கள் சிலர் காலனிப் பக்கம் வருவார்கள். சாராயத்துக்குத் தொட்டுக்க உப்புக்கண்டம் வேண்டும். மாட்டுக்கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் நாள்கணக்கில் காயவிட்டு, பானையில் போட்டு வைத்திருப்பார்கள். அதைத் தணலில் சுட்டு, கல்லில் வைத்து நசுக்கினால் தெருவே மணக்கும். பகலில் கழனியில் எங்க அம்மாவை “ஏமே, இங்க வா” என்று கூப்பிடுகிற அதே ஆள், ராத்திரி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, “அக்கா, இன்னும் ரெண்டு துண்டு வைக்கா” என்பான். தின்று முடித்ததும் எலுமிச்சம் தோலைக் கையில் தேய்த்துக்கொண்டு போவான். விடிந்தால் மறுபடியும் “ஏமே”தான். அந்த “அக்கா” அந்த ஒரு ராத்திரிக்குமேல் தாங்காது.

வயல் நத்தைக்கும் இதே கதை. ஊர்த்தெருவில் அது மூலத்துக்கு மருந்து. நம் தெருவில் அது நாத்தம் பிடித்த தீனி. ஒரே பண்டம் ஏட்டில் திணை உணவு, அவர்கள் வீட்டில் மருந்து, நம் வீட்டில் அசிங்கம். ருசியைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, நாத்தத்தை நம்மிடம் விட்டுவிட்டுப் போகிற தந்திரம் இது.

இந்தத் தந்திரத்தின் வேரைத் தேடியவர் அம்பேத்கர். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில், முன்பு பசுக்கறி தின்ற பார்ப்பனர்கள் பௌத்தத்தோடு நடத்திய போட்டியில் அதைக் கைவிட்டார்கள் என்றும், செத்த மாட்டைத் தொடர்ந்து தின்ற சிதறுண்ட மக்கள் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டார்கள் என்றும் வாதிட்டார். தீண்டாமை கி.பி. 400 அளவில் தோன்றியது என்பது அவர் கணிப்பு. அதே அம்பேத்கர்தான் 1927இல் மகாத் மாநாட்டில் செத்த மாட்டுக்கறியை விடுங்கள் என்றும் சொன்னார். இதை முரண்பாடு என்பவர்கள் இருக்கிறார்கள். செத்த மாட்டை இழுத்துப்போவது ஊருக்குச் செய்யும் இழிதொழில். அதன் கறி அதற்குக் கூலி. அந்தக் கூலியை மறுத்தால்தான் அந்தத் தொழிலையும் மறுக்க முடியும். அவர் விடச் சொன்னது அடிமைத்தனத்தை. கடையில் காசு கொடுத்துக் கறி வாங்கி வருகிறவன் தலைகுனிய வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆனால் நம்மில் படித்தவர்கள் தலைகுனிந்துதான் நடக்கிறோம். நான் படித்த கல்லூரி விடுதியில் ஒரு தோழனின் டப்பாவில் உப்புக்கண்டம் இருந்ததைக் கண்டுபிடித்து, அவன் பாயை வராந்தாவில் தூக்கிப் போட்டார்கள். அதற்கப்புறம் எங்களில் யாரும் ஊரிலிருந்து முறுக்கைத் தவிர எதுவும் கொண்டுவரவில்லை. வேலை கிடைத்து நகரத்தில் குடியேறினவர்கள் வீட்டுக்காரர் மோப்பம் பிடிப்பாரே என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் தாளிக்கிறார்கள். கிணைமகளிடம் ஒன்றும் இல்லை, கதவைச் சாத்தினாள். நம்மிடம் கறி இருக்கிறது, நாமும் சாத்துகிறோம்.

இந்தக் கதவை அரசாங்கமும் சாத்தும். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணி தாராளமாக விற்கிற ஊர் அது. திருவிழாவில் மட்டும் மாட்டுக்கறிக்கும் பன்றிக்கறிக்கும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. தெருக்கடையில் தின்னலாம், அரசுப் பந்தலில் தின்னக்கூடாது. ராத்திரி அக்கா, பகலில் ஏமே.

மராட்டியத்தில் ஷாஹு பாடோளே 2015இல் மராத்வாடாவின் மகர், மாங் சமூகங்களுடைய அடுப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ரத்தம், குடல், காயவைத்த கறி என்று எதையும் விடாமல் செய்முறையோடு எழுதினார். அன்னம் பூரண பிரம்மம் என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. அதைத் திருப்பி, அன்னம் அபூரண பிரம்மம் என்று தலைப்பு வைத்தார். நமக்கும் அந்த வேலை இருக்கிறது. இதைப் படிக்கிற மாணவத் தோழர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் கேளுங்கள். எந்த மாதத்தில் எதைப் பிடித்தார்கள், எதோடு எதைச் சேர்த்தார்கள், யார் யார் ராத்திரியில் வந்து தின்றுவிட்டுப் போனார்கள் என்று எழுதுங்கள். வந்தவர் பெயரைப் பாட்டி சொல்லத் தயங்குவாள். சமைத்த விதத்தையாவது முழுசாக வாங்கிக்கொண்டு வாருங்கள்.