ஐதராபாத் மாடித்தோட்ட மரபு

ஐதராபாத் மாடித்தோட்ட மரபு என்பது தெலங்கானாவின் தலைநகரில் வீட்டு மொட்டைமாடியில் காய்கறி, கீரை, பழம் வளர்க்கும் வழக்கத்தையும், அதனோடு பிணைந்த இலக்கிய ஆர்வத்தையும் குறிக்கும். தெலுங்கில் இது ‘மித்தெ தோட்ட’ எனப்படும். ‘மித்தெ’ என்ற சொல் தமிழின் ‘மெத்தை வீடு’ என்னும் வழக்கை நினைவூட்டும்.

தோற்றம்

கோல்கொண்டாவை ஆண்ட முகம்மது குலி குதுப் ஷா 1591-இல் மூசி ஆற்றின் தென்கரையில் புதிய நகரை எழுப்பினார். சார்மினாரிலிருந்து நான்கு திசையிலும் பெருந்தெருக்கள் பிரிந்தன; இடையிடையே தோட்டங்கள் அமைந்தன. நகரின் பழைய பெயர் பாக்நகர். இது பாகமதி என்ற பெண்ணின் பெயரால் வந்தது என்ற கதை மக்களிடையே உலவுகிறது. ஆயினும் வரலாற்றறிஞர் எச். கே. ஷெர்வானி கொண்டதுபோல, தோட்டத்தைக் குறிக்கும் ‘பாக்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் எனக் கொள்வதே பொருத்தம்.

17-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தாவர்னியே, அரண்மனையின் மேல்தளத்தில் தோட்டங்களையும் பெருமரங்களையும் கண்டார். அவ்வளவு பாரத்தைக் கீழுள்ள வளைவுகள் எப்படித் தாங்குகின்றன என்று வியந்து எழுதினார். மாடியில் மண் ஏற்றிச் செடி வளர்ப்பது இந்நகருக்குப் புதிதன்று என்பதற்கு இக்குறிப்பே சான்று.

நகரை எழுப்பிய மன்னர் தக்கினி மொழிக் கவிஞரும் ஆவார். மழைக்காலம், வசந்த விழா, கனிகள் ஆகியவற்றோடு முகம்மது ஷாகி என்னும் தோட்டத்தையும் பாடியுள்ளார்.

எழுத்தாளரின் மாடி

இக்காலத்தில் இவ்வழக்கைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் தெலுங்கு எழுத்தாளர் தும்மேட்டி ரகோத்தம ரெட்டி. நகரின் கிழக்கு எல்லையிலுள்ள நாரபள்ளியில் தம் வீட்டு மாடியில் தோட்டம் அமைத்து, அந்த அனுபவத்தை ‘மித்தெ தோட்ட’ என்ற நூலாக்கினார். மன்னருக்குப் பின்னும் தோட்டமும் எழுத்தும் இந்நகரில் ஒரே கையில் சேர்ந்தன.

இத்தகைய மாடித்தோட்டங்களில் செம்மண்ணும் மட்கிய சாண எருவும் கலந்து பாத்தியிலோ பையிலோ நிரப்புவர். அடியில் நீர் வடியத் துளை விடுவர். புளிச்சக்கீரையைத் தண்டோடு பிடுங்காமல் இலையாகக் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். முற்றிய காயிலிருந்து எடுத்த விதை அண்டை வீட்டுக்கும் போகும். தோட்டம் ஊர்ப்பொதுவாவது இவ்விதைப் பகிர்வால்தான்.

உடல்நலம்

1918-இல் குன்னூரில் தோன்றி 1958-இல் ஐதராபாத்துக்கு வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், காய், கீரை, பழம் நாள்தோறும் போதிய அளவு உண்ண வலியுறுத்துகிறது. அமெரிக்காவின் டென்வர் பகுதியில் 291 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், சமூகத் தோட்டத்தில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நார்ச்சத்தைக் கூடுதலாக உண்டனர். 22 ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை, தோட்டவேலை மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதாகக் காட்டியது.

இன்றைய நிலை

ஐதராபாத் 2022-இல் உலகப் பசுமை நகர விருது பெற்றது. மாடித்தோட்டங்களும் பெருகி வருகின்றன.