மனக்காட்சிப் பயன்பாட்டு அளவீடு

அன்றாட வாழ்வில் ஒருவர் எந்த அளவுக்குத் தன்னியல்பாக மனக்காட்சியைப் பயன்படுத்துகிறார் என்பதை மதிப்பிடும் உளவியல் வினாநிரல். டேனியல் ரைஸ்பெர்க், டேவிட் பியர்சன், ஸ்டீபன் காஸ்லின் ஆகியோர் இதை 2003-இல் வெளியிட்டனர்.

இதில் 12 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு விடையளிப்பவர் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடவேண்டும். மொத்தம் 12 முதல் 60 வரை அமையும். கூற்றுகள் வழி கேட்டல், அறைகலன் வாங்குதல் போன்ற சாதாரணச் சூழல்களைச் சார்ந்தவை. துணிக்கடையில் திரைச்சீலை வாங்குபவர், அது தம் வீட்டுச் சன்னலில் எப்படி இருக்கும் என மனத்தில் பார்ப்பதும் இத்தகைய பயன்பாடே.

மனக்காட்சியை அளக்கும் துறைக்கு முன்னோடி, 1880-இல் காலையுணவு மேசையை நினைவுகூரச் செய்து பிரான்சிஸ் கால்டன் நடத்திய ஆய்வு. டேவிட் மார்க்ஸின் 16 வினாக்கள் கொண்ட நிரல் (1973) மனக்காட்சியின் தெளிவை அளக்கிறது. இவ்வளவீடோ அதன் பயன்பாட்டை அளக்கிறது. மனக்காட்சியே தோன்றாத நிலைக்கு ஆடம் ஸீமன் குழுவினர் 2015-இல் 'அஃபாண்டேசியா' எனப் பெயரிட்டனர்.

விடைகள் தன்மதிப்பீடுகளே என்பதால், இவ்வளவீட்டை மட்டும் கொண்டு ஒருவரின் மனக்காட்சித் திறனை முடிவுசெய்ய இயலாது.