வீணைக்குச் சொல்லி வைப்பது

எங்க ஊர் பொதட்டூர்பேட்டை நெசவு ஊர். இங்க சொல்லிச் செய்து வாங்குவதென்றால் அது சேலைதான். நிறமும் கரையும் சொல்லிட்டு வருவோம். தறியிலிருந்து அறுத்துக் கையில் கொடுத்ததும் விவகாரம் முடிஞ்சுது. வீணை அப்படி இல்லை. ஏன் என்று தேடியதில் கிடைத்ததை எழுதி வைக்கிறேன்.

பக்கத்துத் திருத்தணிக்கும் வீணைக்கும் உறவு உண்டு. வைணிகரான முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை, 'ஸ்ரீநாதாதி குருகுஹோ', அந்த மலையில் பிறந்தது என்பது மரபு. அவருடைய வீணை கங்கையில் கிடைத்ததாம். நமக்கு ஆசாரிதான் தரணும். அதுக்கு வடக்கே ஆந்திராவின் பொப்பிலி, தெற்கே தஞ்சாவூர். தஞ்சாவூர் வீணை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது.

சொல்லும்போதே ஒன்றை முடிவு செய்யணும்: ஏகாண்டமா, ஒட்டா? குடமும் தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தால் ஏகாண்டம். தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு. ஏகாண்டத்துக்குப் பெரிய கட்டை வேணும், விலையும் அதிகம்.

மரவேலை முடிந்தாலும் வீணை பேசாது. 'மேளம் கட்டணும்'. தேன்மெழுகில் கரி கலந்து, தண்டியின் இரு ஓரமும் வரப்பு மாதிரி வைத்து, அதன்மேல் 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். ஸ்தாயிக்கு 12 ஸ்வரஸ்தானம், இரண்டு ஸ்தாயிக்கு 24. ஒவ்வொன்றும் எங்கே உட்காரணும் என்பதைக் காதுதான் முடிவு செய்யும்.

ராகத்துக்குத் தகுந்தபடி மெட்டை மாற்றி வைத்த காலமும் உண்டு. எல்லா ராகத்துக்கும் ஒரே மெட்டமைப்பு, ராகத்துக்கு ஒரு மெட்டமைப்பு என்ற இரண்டு வகை வீணையையும் 1550-ல் ராமாமாத்யர் எழுதிய 'ஸ்வரமேளகலாநிதி' பேசுகிறது. இன்றைய 24 மெட்டு அமைப்பை 17-ம் நூற்றாண்டின் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள்.

மெட்டு நிலைச்சுது, ஆனா மெழுகு நிலைக்கலை. வெயிலில் இளகும், வாசிக்க வாசிக்க மெட்டு தேயும், ஸ்வரம் விலகும். சில வருஷத்துக்கு ஒருமுறை பழைய மெழுகை எடுத்துவிட்டுத் திரும்ப மேளம் கட்டியாகணும். அப்போ நாம் காசு கொடுப்பது மரத்துக்கு மட்டுமில்லை, ஒருத்தரோட காதுக்கும்தான். அந்தக் காது அடுத்த தலைமுறைக்குப் போகலைன்னா, பலாமரம் நூறு வருஷம் நின்னாலும் வீணை ஊமைதான்.

வீணைக்குச் சொல்லி வைக்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கும்போது இன்னொன்றும் கேளுங்க: "அடுத்த மேளம் யார் கட்டுவாங்க?"