பல்வரிசைச் சீரமைப்பியல் கல்வி

தெத்துப்பல், முன்தள்ளிய பல், இடைவெளி ஆகியவற்றைச் சீராக்கும் துறை. மக்கள் வழக்கில் ‘கிளிப் போடுவது’. திருவண்ணாமலைப் பிள்ளைகள் இதைக் கற்கச் செல்லும் இடங்களில் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்த சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு.

பாடம் கம்பியில் தொடங்குகிறது. சுருளிலிருந்து வெட்டிய 0.7 மி.மீ. எவர்சில்வர் கம்பியை மாணவர் முதலில் கட்டைவிரலால் நீவி நேராக்குவார். மேசையில் வைத்தால் எங்கும் தூக்காமல் படிய வேண்டும். பிறகு சதுரம், முக்கோணம். கடைசியில் கடைவாய்ப்பல்லைக் கவ்வும் ஆடம்ஸ் கொக்கி. அதன் இரு அம்புமுனைகளும் ஜிப்சம் அச்சிலுள்ள பல்லின் பள்ளத்தில் பொருந்தும்வரை கம்பிகள் முறிந்துகொண்டே இருக்கும். இந்தப் பொறுமைக்கு ஈடான பாடம் வேறில்லை.

கடிப்பை வகைப்படுத்த, அமெரிக்கர் எட்வர்டு ஆங்கிள் 1899இல் வகுத்த முறையே இன்றும் அடிப்படை. ஏறத்தாழ ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் மேலும் கீழும் எப்படிப் பொருந்துகின்றன என்பதே அளவுகோல். பல் நகர்வது எலும்பின் வேலை: அழுத்தும் பக்கம் கரையும், இழுபடும் பக்கம் புதிதாக வளரும். அதனால்தான் அவசரப்பட்டு விசையைக் கூட்டக் கூடாது, வேர் தேயும்.