பூஜ்யம் கூட்டல் இருபது

வேளாண்மை, தோட்டக்கலைக் கல்லூரிகளின் பாடத்திட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். ஒவ்வொரு பாடத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கூட்டல் கணக்கு இருக்கும். 2+1, 1+1, 3+1... இப்படி. முதல் எண் வகுப்பறைப் பாடத்துக்கு, இரண்டாவது எண் செய்முறைக்கு. இரண்டையும் கூட்டினால் அந்தப் பாடத்தின் ‘கிரெடிட்’. இத்தனை கிரெடிட் சேர்ந்தால்தான் பட்டம். உண்டியலில் காசு சேர்க்கிற மாதிரி!

அந்தப் பட்டியலில் கடைசிப் பக்கத்துக்குப் போனால் ஒரு வினோதக் கணக்கு வரும். 0+20. வகுப்பறைக்குப் பூஜ்யம், செய்முறைக்கு 20. வேளாண் கல்விக்கான ஐந்தாவது டீன்கள் குழு 2016-17 வாக்கில் நாடு முழுமைக்கும் பரிந்துரைத்த கணக்கு இது. மாணவர்கள் கல்லூரியை விட்டுக் கிளம்பி, கிராமத்தில் தங்கி, விவசாயியோடு விவசாயியாக நடந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு லெக்சர்கூடக் கிடையாது. ஆனாலும் 20 கிரெடிட் உண்டு. ‘கிராமத் தங்கல் திட்டம்’ என்று தினசரிகளில் படம் போட்டுச் செய்தி வருமே, அதுதான்.

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகிய காட்சி. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. 1990-ல் தொடங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வெள்ளை கோட்டும் தொப்பியுமாகப் பிள்ளைகள் வந்து, வரப்பில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். ‘எந்த ஊரு தாயி, சாப்டியா?’ என்று விசாரித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள் நம் ஜனங்கள்.

அப்படி ஒரு மாணவி போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலமலைச் சரிவில் ஒரு தோட்டத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருப்பது யார்? விடிகாலை இருட்டில் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி, போடிமெட்டு வழியாக இடுக்கிப் பக்கம் காய் எடுக்கப் போகும் பெண்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காயோ உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில்தான் காய்க்கும். குனிந்தோ, குத்தவைத்தோதான் எடுக்கணும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், முற்றின காயும் இருக்கும். பிஞ்சைப் பறித்தால் காய்ந்ததும் சுருங்கி எடை நிற்காது. பழுக்க விட்டால் பச்சை நிறம் போய் வெடித்துவிடும். பழுப்பதற்குச் சற்று முந்தின பக்குவத்தில் கை வைக்க வேண்டும். ஒரு செடிக்குத் திரும்ப வர முப்பது, நாற்பது நாள் ஆகும். அதற்குள் எது பக்குவப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ‘ஸ்டோர்’ என்கிற உலர்த்தும் அறை. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ உலர்ந்த காயாகும். சூடு கொஞ்சம் கூடினால் பச்சை போச்சு. நிறம் போனால் போடி ஏலத்திலும் புற்றடி ஏலத்திலும் விலை போச்சு. அப்புறம் தரம் பிரிப்பது. 8 மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற காய் ஒரு விலை, நழுவி விழுந்தது வேறு விலை. பூச்சி தின்ற சொரிக்காயைப் பொறுக்கித் தள்ளுவதும் பெண்களின் விரல்தான்.

மாணவி இதையெல்லாம் பார்த்து, கேட்டு, தானும் இரண்டு சரம் பறித்துப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறாள். பேராசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்த மணி நேரம் கிரெடிட் ஆகிவிடுகிறது. சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அன்றைக்கான கூலி மட்டும்.

இது அநியாயம் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடலாம். அதற்கு முன், படிப்பை மணிக்கணக்கில் அளக்கிற இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கதை சுவாரஸ்யமானது. ஏனென்றால் அது படிப்புக்காகத் தொடங்கியதே இல்லை. பென்ஷனுக்காகத் தொடங்கியது!

அமெரிக்க எஃகுச் சக்கரவர்த்தி ஆண்ட்ரூ கார்னகியைத் தெரிந்திருக்கும். ஸ்காட்லாந்தில் பிறந்து, 1848-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, 13 வயதில் பஞ்சாலையில் நூல்கண்டு மாற்றும் பையனாகச் சேர்ந்தவர். வாரம் ஒரு டாலர் இருபது சென்ட் கூலி. பள்ளிப் படிப்பு அத்தோடு சரி. பின்னாளில் பெரும் பணக்காரராகி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்களில் ஒருவராக உட்கார்ந்தபோதுதான் கவனித்தார், பேராசிரியர்களின் சம்பளம் இவ்வளவு அற்பமா என்று. வயதான பின் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. 1905-ல் ஒரு கோடி டாலரை எடுத்து வைத்தார், கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக.

பணம் தயார். யாருக்குக் கொடுப்பது? அன்றைய அமெரிக்காவில் எது கல்லூரி, எது உயர்நிலைப் பள்ளி என்றே பிரித்துச் சொல்ல முடியாது. பெயர்ப் பலகை மாட்டினவரெல்லாம் கல்லூரி நடத்திக்கொண்டிருந்தார்கள். எனவே கார்னகி அறக்கட்டளை நிபந்தனை போட்டது. 14 ‘யூனிட்’ படித்து முடித்த மாணவர்களை மட்டும் சேர்ப்பதுதான் கல்லூரி. ஒரு யூனிட் என்றால் ஒரு பாடத்தில் வருஷத்துக்கு 120 மணி நேரம். மதச் சபைகளின் பிடியில் இருக்கும் கல்லூரிகளுக்குப் பென்ஷன் கிடையாது என்றும் சொன்னது. சில கல்லூரிகள் பென்ஷனுக்காகச் சபையோடு உறவையே அறுத்துக்கொண்டன. பணம் பத்தும் செய்யும் இல்லையா! மணிக்கணக்கு விஷயத்தில் கேட்கவே வேண்டாம். சில ஆண்டுகளிலேயே நாடு முழுக்கப் பள்ளிகள் 120 மணி நேர அளவுகோலுக்கு மாறிவிட்டன.

அடுத்து வந்தவர் மாரிஸ் குக். இஞ்சினீயர். தொழிற்சாலையில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்று தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்த ஃபிரெடெரிக் டெய்லரின் சிஷ்யர். அவரைக் கூப்பிட்டு, ‘கல்லூரி சிக்கனமாக நடக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்’ என்றது அதே அறக்கட்டளை. எட்டுப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறைகளை ஆராய்ந்து 1910-ல் அறிக்கை கொடுத்தார். ஆலையில் உற்பத்தியை எண்ண ஓர் அலகு இருக்கிற மாதிரி கல்லூரிக்கும் வேண்டும் என்று அவர் கொடுத்த அலகுதான் ‘மாணவர்-மணி’. ஒரு மாணவர், ஒரு மணி நேரம். இன்றைய ‘கிரெடிட் ஹவர்’ என்பதற்கு இந்த இரண்டும்தான் அப்பா, தாத்தா.

இதில் ஒரு ஓட்டை இருப்பது உங்களுக்கே தெரியும். பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தை அளக்கலாம். உட்கார்ந்தவன் கற்றுக்கொண்டானா? அதற்கு ஸ்டாப் வாட்ச் கிடையாது. இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரியது. பெஞ்சுக்கு வெளியே கற்றுக்கொண்டதை என்ன செய்வது?

1906-லேயே சின்சினாட்டியில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் இதற்கு ஒரு வழி செய்தார். 27 இஞ்சினீயரிங் மாணவர்களை ஒரு வாரம் வகுப்பிலும் ஒரு வாரம் தொழிற்சாலையிலும் மாற்றி மாற்றி விட்டார். தொழிற்சாலையும் படிப்புதான் என்றார். அதற்கப்புறம் மருத்துவமனை, பள்ளிக்கூடம், பண்ணை என்று படிப்பு வெளியே போகப் போக, அலகை நீட்டிக்கொண்டே வரவேண்டியதாயிற்று. 2010-ல் அமெரிக்க அரசு எழுதிய விளக்கத்தில், வாரம் ஒரு மணி வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி மாணவர் உழைப்பு, சுமார் 15 வாரம் சேர்ந்தால் ஒரு கிரெடிட். ஆய்வகம், களப்பயிற்சி, இன்டர்ன்ஷிப் எதுவானாலும் அதற்குச் சமமான உழைப்பு இருந்தால் போதும். ஆக, நூறு வருஷம் கழித்து நாற்காலி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கு வந்த வழியும் பண்ணை வழிதான். ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49) கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றது. 1960-ல் பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் அதற்கு வழிகாட்டி. செமஸ்டர், கிரெடிட், கிரேடு எல்லாம் அந்த மூட்டையில் சேர்ந்தே வந்து இறங்கின. கோவை வேளாண் கல்லூரி 1971-ல் பல்கலைக்கழகம் ஆனபோது அந்த முறை நம் பக்கமும் வந்தது. கலை, அறிவியல் கல்லூரிகள் வருஷத்துக்கு ஒரு பரீட்சை என்று இருந்த காலத்திலேயே வேளாண் பிள்ளைகள் கிரெடிட் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அங்கும் ஒரு புகார். பட்டம் வாங்கியவருக்கு ஏர் பிடிக்கத் தெரியவில்லை! ரந்தவா தலைமையிலான குழு, மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துத்தான் ஆகவேண்டும் என்றது. ‘ஊரக வேளாண் பணி அனுபவம்’ பிறந்தது அப்படி. 0+20-க்கு மூலம் அதுதான்.

ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று இதைச் சொல்லிவிட முடியாது. போடியிலிருந்து சில மணி நேரத் தொலைவில், திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய நிறுவனத்தில், கை வேலையும் கிராம வேலையும்தான் படிப்பின் மையம். காந்தியின் ஆதாரக் கல்வி அது. அங்கே கேள்வி, ‘கிராமத்தில் இருந்த நேரத்தைப் படிப்பாக எண்ணலாமா?’ என்பதல்ல. ‘கிராமம் இல்லாமல் என்ன படிப்பு?’ என்பது. அவர்களும் பிற்பாடு பல்கலைக்கழக அந்தஸ்துக்கு வந்து, கிரெடிட் எழுதத் தொடங்கினார்கள் என்பது வேறு கதை.

மற்றக் கல்லூரிகளின் நிலைமை? நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம், அதுபோக ஒரு சிறப்பு முகாம். மண் சுமந்து, மரம் நட்டு, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்து... பல வருஷம் இதற்கு ஒரு சான்றிதழ்தான். 2008-09-ல் தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குக் கிரெடிட் முறை வந்தது. பட்டத்துக்கு 140 கிரெடிட். அதில் ‘பகுதி ஐந்து’ என்று விரிவாக்கப் பணிக்கு ஒதுக்கியது எவ்வளவு தெரியுமா? ஒன்று. 140-ல் ஒன்று!

இப்போது இன்னொரு கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய கிரெடிட் வரைவமைப்பின்படி 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட். அந்த விகிதத்தில் 240 மணி நேரத்துக்கு எட்டு வரவேண்டும். எட்டு எங்கே, ஒன்று எங்கே?

யு.ஜி.சி.யின் 2022 விதியிலும் ஒரு பாகுபாடு உண்டு. வாரம் ஒரு மணி நேர லெக்சருக்கு ஒரு கிரெடிட். களப்பணிக்கு, ஆய்வகத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் போனால்தான் ஒரு கிரெடிட். லெக்சர் கேட்ட பையன் வீட்டுக்குப் போய்ப் படிப்பான், அந்த நேரமும் அதற்குள் அடக்கம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். படிக்கிறானா என்று யார் பார்த்தது? களத்தில் கழித்த மணி நேரத்துக்குச் சாட்சி வேண்டும், வீட்டில் கழிக்காத மணி நேரத்துக்கு வேண்டாம்!

சாட்சிதான் இந்தக் கதையின் முடிச்சு. குக் காலத்திலிருந்து இன்றுவரை நாற்காலி மாறியிருக்கிறது, மணிக்கணக்கு மாறியிருக்கிறது, மேற்பார்வையாளரின் கையெழுத்து மட்டும் மாறவில்லை. அது தேவையில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். கையெழுத்தை எடுத்துவிட்டால் கிராமத்துக்கே போகாமல் ரெக்கார்டு நோட்டு மட்டும் போய் வரும். நம் ஊரைப் பற்றி நமக்குத் தெரியாதா? ஆனால் மேற்பார்வை யாருடையது? பெரியகுளத்து மாணவி எடுத்த காய் பிஞ்சா, பக்குவமா என்று பார்த்துத் திருத்துவது, பக்கத்துச் செடியில் குனிந்திருக்கும் அந்த அம்மாதான். கையெழுத்து மட்டும் அவருடையது இல்லை.

புதிய வரைவமைப்பு, வேலை அனுபவத்தையும் மதிப்பிட்டுக் கிரெடிட் ஆக்கலாம் என்கிறது. காகிதத்தில் இது பெரிய கதவு. 25 வருஷம் ஏலத்தோட்டத்தில் நின்றவர் அந்தக் கதவைத் தட்டலாம். தட்டினால், மதிப்பிடும் தேர்வு ஒன்று உண்டு. அதை எந்த மொழியில், எந்தத் தோட்டத்தில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எப்போது எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் செபாஸ்டியன் ஜோசப் என்று ஒரு விவசாயி. வேளாண் பட்டதாரி அல்ல. தன் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கிற தூர்களை வருஷக்கணக்கில் கவனித்தார். தேர்ந்தெடுத்த தூர்களைக் கொண்டு பெருக்கினார். வந்தது புதிய ரகம். தன் வீட்டுப் பெயரையே வைத்தார், ஞள்ளானி. அது பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், அடுத்த மலைக்குப் போய், இடுக்கி ஏலத்தோட்டங்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவரைக் கௌரவித்தது. அவர் செடிகளுக்கு நடுவே நின்ற மணி நேரங்களை யாரும் எண்ணவில்லை, கையெழுத்துப் போடவில்லை.

மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.சி.ஆர்.ஐ. ரகங்கள், பாம்பாடும்பாறை நிலையம் கொடுத்த பி.வி. ரகம், இவற்றோடு ‘ஞள்ளானி கிரீன் கோல்டு’ என்ற பெயரும் ஏலக்காய்ப் பாடத்தின் ரகப் பட்டியலில் இருக்கிறது. மாணவர்கள் அதை வகுப்பறையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார்கள். கூட்டல் குறிக்கு இடப்பக்கத்துக் கணக்கில் சேரும்.