பொன்மலையில் பிறந்த பழைய இன்ஜின்

புதுசு வாங்குவதா, இருப்பதையே சரிபண்ணி ஓட்டுவதா? லாரி வைத்திருப்பவர், லேத் வைத்திருப்பவர், புல்வெட்டும் மிஷினை நம்பித் தொழில் செய்பவர் என்று எல்லோருக்கும் ஒருநாள் வருகிற கேள்விதான். ஒரு தாளை எடுத்து இரண்டு கணக்கு போடுவோம். ஒரு பக்கம் புது வண்டியின் தவணை, மறுபக்கம் பழைய வண்டியின் ரிப்பேர் செலவு. இந்தக் கணக்கில் ஒரு வரி எப்போதும் விட்டுப்போகிறது: ரிப்பேர் செய்யத் தெரிந்த ஆள். அந்த விட்டுப்போன வரியைப் பற்றிப் படிக்கத் திருச்சியைவிட நல்ல ஊர் இல்லை என்பது என் கட்சி.

தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. வேலைகளையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம் என்று கம்பெனி பொன்மலையில் ஒரு பெரிய பட்டறையைக் கட்டியது. 1928-ல் அது இயங்கத் தொடங்கியது. புதுப் பட்டறை வந்தால் அதே வேலைக்குக் குறைந்த ஆட்கள் போதும் அல்லவா? மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பத் திட்டம் தயாரானது. யாரை வைத்துக்கொள்வது என்று பார்க்கத் தொழில்திறன் தேர்வு. வருஷக்கணக்கில் பாய்லரோடு மல்லுக்கட்டியவரைப் பார்த்து “உனக்கு வேலை தெரியுமா, செஞ்சு காட்டு” என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. கம்பெனி அதை முறித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். (1946 செப்டம்பர் 5-ல் இதே பொன்மலையின் சங்கத் திடலில் மலபார் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் இறந்தது தனிக் கதை. ஆனால் பொன்மலையைப் பற்றி எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.)

அதே 1928-ல்தான் ஸ்ரீரங்கம் தீவின் வடகரையில் கொள்ளிடத்தின் மேல் இரும்புப் பாலம் வந்தது. 2016-ல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தார்கள். பழசின் மேல் போக்குவரத்து நின்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. வண்டிகள் போனவரை நின்ற பாலம், கைவிட்ட இரண்டே வருஷத்தில் விழுந்தது. வெள்ளம்தான் காரணம், சரி. ஆனால் புதுசு வந்த அன்றைக்கே பழசு யார் பொறுப்பிலும் இல்லாமல் போய்விடுகிறது என்பதும் நிஜம்.

இனி பொன்மலையின் அபூர்வமான கதைக்கு வருவோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் சுமார் 46 கிலோமீட்டர். குன்னூர் வரை 1899-ல் வந்தது, ஊட்டி வரை 1908-ல். கல்லாறு தாண்டியதும் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவில் ஏறுகிறது. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையைப் போட்டு, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். இதற்கான எக்ஸ் ரக இன்ஜினை உருவாக்கியது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இருந்த எஸ்.எல்.எம். கம்பெனி. 1914 முதல் 1925 வரை 12, பிறகு 1952-ல் 5 இன்ஜின்கள் வந்தன. இதன் அமைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பு. நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பல் பாதை வந்ததும், அந்த இரண்டும் பயன்படுத்தி வெளியே விடும் நீராவியே மற்ற இரண்டு சிலிண்டருக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவிக்கு இரண்டு வேலை.

இந்த இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் வேலை பொன்மலைக்கு வந்தது. விண்டர்தூரிலிருந்து உதிரி பாகம் வராத காலத்தில் வேறென்ன செய்வது? வார்த்து, கடைந்து, தேய்த்து இங்கேயேதான் செய்யவேண்டும். அப்படி ஒவ்வொரு பாகமாகச் செய்துகொண்டே போனால் ஒருநாள் முழு இன்ஜினையும் செய்யத் தெரிந்திருக்கும், யாரும் திட்டமிடாமலேயே.

2000-களின் தொடக்கத்தில் 1952-ல் வந்த ஒரு இன்ஜினை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். கோடையில் காட்டுக்குள் நெருப்புப் பொறி பறப்பது சாதாரண ஆபத்தில்லை. அடுத்த கட்டம்தான் பெரியது. 2011-லிருந்து அடுத்தடுத்து நான்கு புதிய எக்ஸ் ரக இன்ஜின்கள், எண்ணெயில் ஓடுபவை, பொன்மலையிலிருந்து வெளியே வந்தன. நூற்றாண்டுக்கு முந்தைய வடிவம், புது இரும்பு.

விண்டர்தூர்க்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1992-ல் பிரியன்ஸ் ரோத்தோர்ன் போன்ற மலைப்பாதைகளுக்காகப் பல்சக்கர நீராவி இன்ஜினை நவீனமாக வடிவமைத்தார்கள். எண்ணெயில் ஓடும், ஒரே ஆள் ஓட்டலாம். பொறியியல் படித்தவனாக அது எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கேயும் மிச்சமானது ஆள்தான் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் தொழிலில் பழைய கோடைத் தூக்கிப்போட்டு முதலிலிருந்து எழுதலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்தப் பழைய கோடில் அர்த்தமில்லாமல் நிற்கிற ஒரு இஃப் பெரும்பாலும் யாரோ ஒருத்தர் தூங்காத ராத்திரி. அதை எழுதியவர் போன பிறகுதான் அதன் அர்த்தம் தெரியவரும். பொன்மலை புதிதாக வரைந்து பார்க்கவில்லை. தனக்குக் கைவந்த இன்ஜினையே திரும்பச் செய்தது. பணம், நேரம் என்று வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கைகள் அங்கே இல்லாமல் போயிருந்தால் இந்த வழியே திறந்திருக்காது. 1928-ல் தேர்வு வைத்துக் கழிக்கப் பார்த்ததும் அப்படிப்பட்ட கைகளைத்தான்.

2005-ல் யுனெஸ்கோ இந்த மலை ரயிலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ரயில் ரசிகர்களுக்குப் பாரம்பரியம் என்றால் நிலக்கரிப் புகை. 2021-ல் நிலக்கரியில் ஓடும் புது எக்ஸ் இன்ஜின் ஒன்றையும் பொன்மலை செய்துகொடுத்தது. மின்சார ரயில் ஓடும் நாட்டில், இருபத்தொன்றாம் நூற்றாண்டில், நிலக்கரி இன்ஜின்! சிரிக்கலாம், ஆனால் அதைச் செய்யத் தெரிந்த பட்டறைகள் உலகத்தில் எத்தனை மிச்சமிருக்கும்?

திருச்சியில் இப்போது மீட்டர்கேஜ் தண்டவாளம் இல்லை. எல்லாம் அகலப்பாதை ஆகிவிட்டது. அதனால் பொன்மலையில் பிறந்த இன்ஜின் சொந்தச் சக்கரத்தில் ஊரைவிட்டுப் போக முடியாது. டிரெய்லர் லாரியில் ஏற்றித்தான் மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பவேண்டும். சில வருஷம் மலை ஏறி இறங்கியபின் பெரிய ஓவராலுக்கு அது திரும்பி வரவேண்டியதும் பொன்மலைக்குத்தான், இன்னொரு லாரியின் முதுகில்.