காற்றில்லாத களம்

போரடித்து முடிந்த களத்தில், நெற்குவியலுக்குப் பக்கத்தில் முறத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, காற்று வருமா என்று மரக்கிளைகளைப் பார்த்தபடி நிற்கும் குடியானவனைக் கிராமத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று நம்முடைய பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் காற்றே வராவிட்டால்? பொழுது சாய்ந்து, கை ஓய்ந்து, முறத்தைத் தூக்கவும் வலுவில்லாத நேரத்தில் அது வந்தால்? அதற்கு என்ன செய்வது என்று பழமொழி சொல்லவில்லை.

அப்படி அமைந்துவிட்ட ஒரு வாழ்க்கையின் கதை இது. நடந்த களம் நெற்களம் அல்ல, டென்னிஸ் மைதானம். கதைக்கு உரியவர் தென் அமெரிக்காவின் பிரேஸில் தேசத்தைச் சேர்ந்த மரியா எஸ்தர் புவேனோ.

மரியா 1939ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி ஸாவோ பாவ்லோ நகரத்தில் பிறந்தார். காப்பித் தோட்டங்களின் செல்வத்திலே எழும்பி, பிறகு ஆலைகளினால் பெருத்த நகரம் அது. அந்த நகரத்தின் வழியாக டியெட்டே என்று ஒரு நதி ஓடுகிறது. நதியின் பெயரையே தாங்கிய படகுச் சங்கம் ஒன்று இருந்தது. அங்கே நீந்தலாம், படகு விடலாம், டென்னிஸும் ஆடலாம். மரியாவின் வீடு அந்தச் சங்கத்துக்கு எதிரிலேயே இருந்தது. பிறகு கேட்க வேண்டுமா? நடக்கத் தெரிந்த குழந்தை தெருவைத் தாண்டிப் போய் மட்டையை எடுத்துவிட்டது.

முறையாகக் கற்றுக் கொடுக்க ஆசிரியர் என்று யாரும் அமையவில்லை. அமெரிக்காவின் பழைய வீரர் பில் டில்டன் பந்தை ஸர்வீஸ் செய்யும் விதத்தைக் காட்டும் படங்களைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி கையை வீசப் பழகினார் அந்தச் சிறுமி. துரோணரின் மண் உருவத்தை வைத்துக்கொண்டு வில்வித்தை பயின்ற ஏகலைவனுக்கு நேர்ந்தது போலவே, இந்தச் சிஷ்யையின் வித்தையும் குருவை வைத்துக் கற்றவர்களை மிஞ்சி நின்றது. 14 வயதிலேயே பிரேஸிலின் பெண்கள் சாம்பியன் பட்டம் அவரிடம் வந்து சேர்ந்தது.

இதன் அருமையை உணர வேண்டுமானால், அந்தத் தேசத்தில் பெண்களின் விளையாட்டு அன்றைக்கு இருந்த நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1941ஆம் ஆண்டு பிரேஸில் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. பெண்களின் இயற்கைக்கு ஒவ்வாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக் கூடாது என்பது அதில் ஒரு விதி. நாடே பித்துப் பிடித்து ஆடிய கால்பந்து, இந்த விதியினால் 1979 வரையில் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. டென்னிஸ் மட்டும் எப்படியோ கனவான்களின் ஆட்டம் என்ற போர்வையில் தப்பித்துக்கொண்டது. அந்தப் போர்வையின் மற்றொரு முனைதான் பிற்பாடு மரியாவின் கழுத்தைச் சுற்றியது.

1958ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், ஸ்வீடனில் உலகக் கால்பந்துக் கோப்பையைப் பிரேஸில் முதன்முதலாக வென்றது. 17 வயதுப் பெலேயின் பெயர் உலகம் எங்கும் ஒலித்தது. அடுத்த சில நாட்களுக்குள்ளாகவே இங்கிலாந்தில் விம்பிள்டன் மைதானத்தில், பெண்கள் இரட்டையர் பட்டத்தை 18 வயது மரியா வென்றார். அவருடன் ஜோடி சேர்ந்து ஆடியவர் ஆல்த்தியா கிப்ஸன். விம்பிள்டனை வென்ற முதல் கறுப்பு இனத்தவர் என்ற பெருமை கிப்ஸனுக்கு உண்டு. அந்த ஆண்டு அமெரிக்கப் பட்டத்தையும் வென்ற கையோடு, கிப்ஸன் அமெச்சூர் டென்னிஸை விட்டு விலகினார். காரணம் எளிமையானது. பட்டங்கள் இருந்தன, பிழைப்புக்கு வழி இல்லை. பாட்டுப் பாடியும் காட்சி ஆட்டங்கள் ஆடியும் பிழைக்க வேண்டியதாயிற்று. பக்கத்திலே நின்று ஆடிய மரியாவுக்கு விதி அப்போதே ஒரு ஜாடை காட்டியது என்று சொல்லலாம். ஆனால் 18 வயதில் யார் ஜாடையைக் கவனிக்கிறார்கள்?

1959ஆம் ஆண்டு மரியாவின் ஆண்டாக விடிந்தது. விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் டார்லீன் ஹார்டை 6-4, 6-3 என்று வென்றார். செப்டம்பரில் அமெரிக்கப் பட்டமும் கிடைத்தது. தென் அமெரிக்காவிலிருந்து அவருக்கு முன்னால் சிலி தேசத்து அனிதா லிஸானா 1937இல் அமெரிக்கப் பட்டத்தை வென்றிருந்தார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் தென் அமெரிக்கப் பெண் மரியாதான். ஊருக்குத் திரும்பியபோது ஜனாதிபதி குபிச்செக் வரவேற்றார். வீதிகளில் ஜனங்கள் திரண்டார்கள். அவரைக் கௌரவித்துத் தபால் தலையே வெளியிட்டார்கள்.

எல்லாம் கிடைத்தது. கையிலே காசு மட்டும் கிடைக்கவில்லை!

அந்நாளில் பெரிய பந்தயங்கள் எல்லாம் அமெச்சூர்களுக்கு உரியவை. பணத்துக்காக ஆடுவது கூலிக்காரரின் வேலை, மேன்மக்கள் ஆட்டத்துக்காகவே ஆடுவார்கள் என்பது சங்கத்தாரின் சித்தாந்தம். பிரயாணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுப்பார்கள். பெயர் பெற்றவர்களுக்குத் திரைமறைவில் சில சமயம் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுப்பது உண்டு. பகிரங்கமாகப் பரிசுப் பணம் வாங்கியவருக்கோ விம்பிள்டனின் கதவு அடைக்கப்பட்டுவிடும். பரம்பரைச் சொத்து உள்ளவர்கள் வகுத்த தர்மம் இது. சொத்து இல்லாதவர்களும் அதைக் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது. மைதானம் நிறைய ஜனங்கள் டிக்கெட்டு வாங்கி வந்தார்களே, அந்தப் பணம் எங்கே போயிற்று? சங்கங்களின் பெட்டிக்குத்தான். பணம் ஆட்டத்தின் புனிதத்தைக் கெடுக்கும் என்று சொன்னவர்கள், டிக்கெட்டு விற்ற பணத்தினால் தங்கள் புனிதம் கெட்டதாகச் சொல்லவில்லை.

ஆனாலும் மரியா ஆடினார். 1960இல் விம்பிள்டனை மறுபடியும் வென்றார். அதே ஆண்டில் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கு பெரிய இரட்டையர் பட்டங்களையும் சேர்த்துக்கொண்டார். ஒரே ஆண்டில் நான்கையும் வென்ற பெண் அதுவரையில் எவரும் இல்லை. நம்முடைய ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டனில் அரை இறுதி வரையில் முன்னேறியதும் அந்த 1960இல்தான். அவரும் அதே தர்மத்துக்குக் கட்டுப்பட்ட அமெச்சூர்தான்.

1961 கோடையில் பாரிஸில் ஆடிக்கொண்டிருந்தபோது மரியாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஈரலைப் பிடித்த நோய். மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தார். டார்லீன் ஹார்ட், முன்பு இறுதி ஆட்டத்தில் மரியாவிடம் தோற்றவர், அந்த ஆண்டு விம்பிள்டனையே விட்டுவிட்டு, தோழியின் படுக்கை அருகில் இருந்து சிசுருஷை செய்தார். அமெச்சூர் உலகத்தைக் குறை சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த உலகத்தில் இப்படிப்பட்ட நட்பும் இருந்தது. ஆனால் அது அந்த இரு பெண்களின் பெருமையே தவிர, சங்க விதிகளின் பெருமை அல்ல.

எழுந்து வந்தவர் முன்போலவே ஆடினார். மரியாவின் ஆட்டத்தை நாட்டியம் என்று சொல்வார்கள். எதிரியைக் களைக்க வைத்து வெல்லும் பொறுமை அவரிடம் இல்லை. வலைக்கு அருகே பறந்து வந்து, யாரும் துணியாத அடியை அடிப்பார். தவறினால் தவறட்டும்! 1963இலும் 1964இலும் அமெரிக்கப் பட்டம். 1964 விம்பிள்டன் இறுதியில், உடல் பலத்தில் ஈடு இணையில்லாத ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ஸ்மித்தை 6-4, 7-9, 6-3 என்று வென்றார். 1966இல் நான்காவது முறையாக அமெரிக்கப் பட்டம். ஒற்றையரில் ஏழு, பெண்கள் இரட்டையரில் பதினொன்று, கலப்பு இரட்டையரில் ஒன்று என்று பெரிய பட்டங்கள் மொத்தம் பத்தொன்பது அவருடையவை. களத்தில் நெல் மலைபோல் குவிந்து கிடந்தது.

காற்று 1968இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் பாரிஸில் கூடிய உலக டென்னிஸ் சம்மேளனம், அமெச்சூர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் சேர்ந்து ஆடலாம், பரிசுப் பணம் வாங்கலாம் என்று தீர்மானித்தது. விம்பிள்டன் முதன்முதலாகப் பணம் கொடுத்தது. ஆண் சாம்பியனுக்கு 2,000 பவுன், பெண் சாம்பியனுக்கு 750 பவுன். அதிலும் ஓரவஞ்சனைதான். இருந்தாலும் கதவு திறந்துவிட்டது.

அப்போது மரியாவுக்கு வயது 28. ஆடுவதற்கு நல்ல வயது. கைதான் ஒத்துழைக்கவில்லை. படங்களைப் பார்த்து வீசப் பழகிய அந்த வலது கை, பல ஆண்டுகள் ஒரே நாளில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று ஓய்வில்லாமல் ஆடியதன் பலனை அனுபவித்தது. 1968 செப்டம்பரில், மார்கரெட்டையே ஜோடியாகக் கொண்டு அமெரிக்க இரட்டையர் பட்டத்தை வென்றார். பெரிய பட்டங்களில் அதுவே கடைசி. பிறகு வந்தவை அறுவை சிகிச்சைகள், ஓய்வு, மறுபடியும் வலி.

மற்றப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1970இல் பில்லி ஜீன் கிங் முதலான ஒன்பது பேர் சங்கத்தாரை எதிர்த்து, ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் பந்தயம் ஆடினார்கள். 1973இல் அமெரிக்கப் பந்தயம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு கொடுத்தது. இந்த மாறுதல்கள் நடந்த ஆண்டுகளில் மரியா கையைக் குணப்படுத்திக்கொண்டிருந்தார்.

1974ஆம் ஆண்டு, 35ஆவது வயதில், டோக்கியோவில் ஜப்பானியப் பட்டத்தை அவர் வென்றார். பரிசு 6,000 டாலர். தொழில்முறை ஆட்டக்காரராக அவர் வென்ற ஒரே ஒற்றையர் பட்டம் இதுதான். விம்பிள்டனை மூன்று முறையும் அமெரிக்காவை நான்கு முறையும் வென்ற கைக்குக் கிடைத்த தானியம் அவ்வளவே. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1990இல், பக்கத்து நாடான அர்ஜென்டினாவின் கப்ரியேலா ஸபாட்டினி அமெரிக்கப் பட்டத்தை ஒரு முறை வென்றார். அந்த ஒரு பட்டத்துக்குப் பரிசு 3,50,000 டாலர்.

இந்தக் கணக்கைப் பார்த்து, 'பாவம் மரியா!' என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர் ஏமாந்தவர் அல்ல. தாம் எடுத்துக்கொண்ட கலையை முழு மனசோடு செய்தவர். ஆனால் 'பணம் வந்த பிறகுதான் ஆட்டம் கெட்டது, அந்தக் காலத்தில் எவ்வளவு தூய்மை!' என்று பெருமூச்சு விடுகிறவர்களைக் கண்டால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்தத் தூய்மைக்கு விலை கொடுத்தவர் யார்? கலைஞனுக்குக் கைதட்டல் போதும் என்று சொல்லுகிறவன் எப்போதும் பெட்டிச் சாவியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் சொல்லுகிறான். இது டென்னிஸுக்கு மட்டும் உரிய நியாயம் அல்ல. நாடகக்காரருக்கும் நாதசுரக்காரருக்கும், ஏன், பேனா பிடித்தவனுக்கும் உலகம் சொல்லி வந்திருக்கும் நியாயம்தான்.

மரியா பின்னாட்களில் பிரேஸில் தொலைக்காட்சியில் டென்னிஸ் ஆட்டங்களை விமரிசனம் செய்து வந்தார். 2016இல் ரியோ டி ஜெனிரோவில் ஒலிம்பிக் நடந்தபோது, அங்கே கட்டிய டென்னிஸ் மைதானங்களில் நடுநாயகமான மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2018 ஜூன் 8ஆம் தேதி, பிறந்த நகரமான ஸாவோ பாவ்லோவில், 78ஆவது வயதில் காலமானார்.

ரியோவில் அந்த மைதானத்தில் ஆடிய பெண்களுக்குச் சர்வதேசப் பந்தயங்களில் ஆடுவது கௌரவமான ஜீவனம். முதல் சுற்றிலே தோற்றவர்களுக்கும் அவற்றில் சம்பளம் உண்டு. அவர்கள் பெற்ற காற்று, மரியாவின் களத்தைத் தாண்டித்தான் வந்தது.